தழை கிடந்த சாலை

மகளைத் திரும்பக் கூட்டி வருவதற்காகத்தான் ஸ்வீடனுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணம் எதுவும் இல்லை. பெட்டியில் என் துணிகளைவிட ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பும் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும்தான் அதிகம். ஆம்பூர் வீட்டு வாசலில் டாக்ஸி கிளம்பும்போது என் மனைவி சாந்தி ஜன்னலருகே குனிந்து சொன்னாள்: "அங்க போய் அவ பேச்சக் கேட்டுட்டு தலைய ஆட்டிட்டு வந்துடாதீங்க. கூட்டிட்டு வாங்க. அவ்ளோதான்."

எங்கள் மகள் மலர் அங்கே தானாக ஓடும் கார்களைப் பற்றிய ஆராய்ச்சிக் குழு ஒன்றில் வேலை செய்கிறாள். சாலை விபத்துகளைக் குறைப்பதுதான் அந்தக் குழுவின் நோக்கம். கார் தானே ஓடும். ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏதாவது தப்பாகப் போனால் பிரேக்கை மிதிக்க. அந்த ஆள் மலர். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு சம்பளம் குடுக்கறாங்கப்பா" என்று போனில் சிரிப்பாள். பிறகு ஒரு நாள் அதே போனில், சிரிக்காமல், கார் அடிபட்டுவிட்டது என்றும் தன் கழுத்தடியில் காறை எலும்பு முறிந்துவிட்டது என்றும் சொன்னாள். "ஒண்ணும் இல்லப்பா, பயப்படாத" என்றாள். நான் தோல் ஆலையில் தரம் பார்ப்பவன். அன்றிலிருந்து ஆலை வாசலில் லாரி ஹாரன் கேட்டாலே கையிலிருக்கும் தோலைக் கீழே போட்டுவிடுகிறேன். இதை எழுதும் இன்றைக்கும் அப்படித்தான்.

விமான நிலையத்தில் அவள் இடது கையைத் துணித் தூளியில் கட்டிக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். "மக்கன் பேடா இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. 

வெளியே மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது. வானம் ஊறப்போட்ட தோலின் சாம்பல் நிறத்தில் இருந்தது. பேருந்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஓட்டுநர் மட்டும் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முகமன் சொன்னார். எங்கள் ஊர் நடத்துநர் "உள்ள போ, உள்ள போ, உள்ள இன்னா உங்க மாமியாரா நிக்குது" என்று கத்துவது நினைவுக்கு வந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் பேருந்து ஓடுவது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

இறங்கியதும் சாலையைக் கடக்க வேண்டும். ஒரு கார் வெகுதூரத்திலேயே வேகத்தைக் குறைத்து எங்களுக்காக நின்றது. எனக்குக் கால் எழவில்லை. நிற்கிற வண்டி எந்த நேரமும் கிளம்பும் என்பது எங்கள் புறவழிச் சாலையில் நான் படித்த பாடம். கையைக் காட்டி நீ போ என்றேன். உள்ளே இருந்த பெண் கையைக் காட்டி நீங்கள் போங்கள் என்றாள். நான் மறுபடியும் கையைக் காட்டினேன். பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. "ப்பா, நீ போற வரைக்கும் அவங்க போமாட்டாங்க. பொங்கல் வரைக்கும் நிப்பாங்க" என்று மலர் நல்ல கையால் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாதிச் சாலையில் என்னையறியாமல் வலது கையைத் தூக்கி நிறுத்தினேன், ஷூ கம்பெனி விட்டதும் எங்கள் ஊர்ப் பெண்கள் நெடுஞ்சாலையைக் கடப்பதுபோல. ஏற்கெனவே நின்றிருந்த கார்களுக்கு நான் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடக் கூட்டிப்போன இடத்தில் கறி உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள ஜாம் வைத்தார்கள். கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கு. பிரியாணிக்குக் கத்தரிக்காய் தொட்டுக்கொள்வதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். இனி எனக்கு வராது. பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டதை மலர் மெதுவாக மொழிபெயர்த்தாள். "இந்தக் காற்றில் என் தோட்டத்து மரம் பாதி போய்விட்டது." "மரம்தானே, வளரும்." அதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய சின்ன வீட்டில் நான் ரசம் வைத்தேன். ஒரு கையால் அவள் சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இன்னாதாம்மா ஆச்சு?"

"தழைப்பா" என்றாள். "ரோட்ல தழை கிடந்துச்சு."

மேற்கொண்டு அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். ஊருக்கு வெளியே காட்டுப் பாதை. முந்தின இரவு காற்றில் ஒரு கிளை முறிந்து, இலையோடு தடத்தின் நடுவில் கிடந்தது. கார் அதைப் பார்த்துவிட்டது. இது சின்னது, சற்று ஒதுங்கிப் போனால் போதும் என்று கணக்குப் போட்டு ஒதுங்கவும் தொடங்கியிருந்தது. முன்னால் போன வண்டிகள் எல்லாம் வானொலி அலையில் பின்னால் வருபவற்றுக்குச் சேதி சொல்லிக்கொண்டே போகுமாம். பாதை காலி, யாரும் நிற்கவில்லை என்று அவையும் சொல்லியிருந்தன. மலர் பிரேக்கை முழுக்க மிதித்தாள். பின்னால் வந்த பழைய கார் அந்தக் கூட்டத்தில் சேராதது, அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது வந்து இடித்தது. இவள் கார் ஓரத்து இரும்புத் தடுப்பில் போய் மோதியது.

"அந்தக் காருல ஒரு தாத்தா. வெலா எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில பாக்கப் போனேன். கோபமே படலப்பா. முன்னால என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேட்டாரு." ரசத்தில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். "நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

முன்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு லாரி இருந்தது. ஆனால் அது ஸ்வீடனில் இல்லை.

எங்கள் பக்கத்தில் லாரி பழுதாகி நடுரோட்டில் நின்றால், ஓட்டுநர் முதலில் செய்வது ஓரத்து மரத்தில் ஒரு கிளையைத் தழையோடு ஒடித்து வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் போடுவது. கூடவே நாலு கல். பின்னால் வருகிறவன் தழையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பான். மலர் பிளஸ் டூ படிக்கும்போது வேலூரை ஒட்டிய பாகாயத்தில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் கால் பிரேக் உள்ள எங்கள் பழைய ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது அவள். அகரம்சேரி தாண்டியதும் மழை கண்ணை மறைத்தது. சாலையில் ஈரத் தழை ஒன்றைப் பார்த்து நான் அவள் தோளை அழுத்தினேன், அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி வழுக்கி நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி, பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. லாரிக்கு அடியிலிருந்து ஓட்டுநர் தலையை நீட்டி, "தழை போட்டிருக்கேன் இல்ல, பாத்து வரக்கூடாதா?" என்று எங்களையே திட்டினார். அந்தத் தோல் நாற்றத்தில் நின்றுகொண்டு அவள் அழுதாள். அதற்குப் பிறகு எந்தத் தழையைப் பார்த்தாலும் அவள் வண்டி நிற்கும். அதை நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல சொன்னியா?"

"இன்னான்னு சொல்றது? எங்க ஊருல தழைய பாத்தா லாரி நிக்கும்னா? சிரிக்க மாட்டாங்களா? காரணம் தெரியலன்னு எழுதிட்டாங்க. காரணம் தெரியாம பிரேக் போடறவள திரும்ப அந்த சீட்ல உக்கார வைக்க மாட்டாங்க."

"அப்ப வா, ஊருக்குப் போலாம்" என்றேன். இதைத்தான் சொல்ல வந்திருந்தேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அந்தத் தாத்தா கேட்டதுக்கு பதில் சொல்லாம வர முடியாதுப்பா."

அடுத்த நாள் அவளோடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். கொட்டகை ஒன்றில் இடிபட்ட கார் நின்றிருந்தது. பின்பக்கம் நசுங்கிய டப்பாவாக இருந்தது, அதை நான் பார்க்கவில்லை. பழக்கத்தில் இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரெக்சின். அங்கிருந்த இளைஞர் ஒருவர், இதில் விலங்குத் தோல் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் தாலுகாவே தோல் வேலையில்தான் சாப்பிடுகிறது என்று சொல்ல நினைத்தேன். ஓட்டுநர் பெல்ட்டில் ஓரிடம் உரசி வெளுத்திருந்தது. என் மகளின் எலும்பைப் பிடித்து நிறுத்திய இடம். அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.

குழுத் தலைவியின் பெயர் இங்க்ரிட். என் வயதுதான் இருக்கும். எங்களுக்குத் தானே காபி ஊற்றிக் கொடுத்தார். நான் மலரைப் பார்த்து, "சொல்லு" என்றேன். "சும்மா இரு ப்பா" என்றாள். "நீ சொல்றியா, இல்ல என் கம்பெனி இங்கிலீஷ்ல நான் சொல்லட்டுமா?" அதற்குப் பயந்துதான் தழையின் கதையைச் சொல்லியிருப்பாள்.

இங்க்ரிட் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். எவ்வளவு தூரத்தில் போடுவார்கள், எந்த மரம், இரவில் என்ன செய்வார்கள். பிறகு, "வண்டி சரியானதும் அந்தக் கற்களை எடுத்துவிடுவார்களா?" என்றார்.

"இல்லை" என்றாள் மலர்.

"அப்படியானால் யார் எடுப்பார்கள்?"

மலர் என்னைப் பார்த்தாள். "யாராவது" என்று கையை விரித்தேன். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இங்க்ரிட் சொன்னதன் பொருள் இது: "உங்கள் சாலையில் இது நல்ல சேதி. இங்கே பொய்ச் சேதி. காரணம் தெரிந்துவிட்டதால் சரிசெய்யலாம். மலர் அந்த இருக்கைக்குத் திரும்ப வேண்டுமானால், அவள் கால் இதை மறக்க வேண்டும்."

பயிற்சி அன்றைக்கே தொடங்கியது. இருட்டு அறையில் ஓர் இருக்கை, ஸ்டியரிங், பெடல்கள், சுற்றிலும் வளைந்த திரை. திரையில் காட்டுப் பாதை ஓடும். கைக்கு வேலை இல்லை, கால்தான் பரீட்சை எழுத வேண்டும். என்னைப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார அனுமதித்தார்கள். பாதையில் மான் வந்தால் மிதிக்கலாம், ஆள் வந்தால் மிதிக்கலாம். தழை வந்தால் காரை நம்பிக் காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

முதல் தழை வந்தபோது அவள் கால் பாய்ந்தது. ஸ்டூலில் இருந்த என் காலும் தரையை அழுத்தியது. இரண்டாவதற்கும் அப்படியே. "மன்னிச்சிக்கோங்க" என்று ஒவ்வொரு தடவையும் அவர்கள் மொழியில் சொன்னாள். "அவசரமில்லை" என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் பதில் சொன்னது.

அதற்கடுத்த நாள் பேருந்தில் நான் தனியாகப் போனேன், அவள் முன்னதாகவே போய்விட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது தெரியாமல் எழுந்து கதவருகே நின்றேன். வண்டி நிற்காமல் போய்விட்டது. எங்கள் ஊர் நடத்துநர் வண்டியை நிறுத்தக் கத்துவதுபோல் "ஹோல்டான்" என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, குளிருக்கு என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிடும்படி சைகை காட்டினார். ஈரப் பனியில் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் முறிந்த கிளைகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு லாரியைத் தேடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது திரையில் ஒரு தழை வந்துகொண்டிருந்தது. மலரின் கால் துடித்தது, ஆனால் நகரவில்லை. அதற்கும் மறுநாள் துடிப்பும் போய்விட்டது. தழைகள் வந்தன, போயின. அவள் கால் தூங்குகிற குழந்தையின் கால்போல் கிடந்தது. அறையில் விளக்குப் போட்டு எல்லோரும் கை தட்டினார்கள். மலர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் கை தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் இங்க்ரிட்டிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். இது மறந்துவிட்டால் அவள் எங்கள் ஊருக்கு வரும்போது என்ன செய்வாள்? அவர் யோசித்தார். நேர்மையானவர், சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஊரில் அவள் வண்டி ஓட்ட வேண்டாம்" என்றார்.

பின்னால் வந்து இடித்த காரின் பெரியவர் வீட்டுக்கும் போனோம். எங்களை எதிர்பார்த்துக் கேக் வாங்கி வைத்திருந்தார். மலர் தழையைப் பற்றிச் சொல்ல, அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் ஏதோ சொன்னார். மலர் கீழே பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "அப்ப நான் இடிச்சது உங்க ஊரு லாரியத்தான், அப்படின்றாரு." மக்கன் பேடாவில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். எனக்கு வேறு எதுவும் கொடுக்கத் தெரியவில்லை.

எலும்பு கூடும் வரை ஊருக்கு வர மலர் சம்மதித்தாள். பிறகு திரும்பிவிடுவாள். போனில் சாந்தியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

சென்னையில் எங்களுக்காக நவாஸ் காத்திருந்தார். ஆம்பூரில் எங்கள் தெருமுனை டாக்ஸிக்காரர், மலர் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பழக்கம். "இன்னா மலரு, கைய இப்டி கட்டிக்கினு வந்துட்ட? தானா ஓடற காருன்னு சொன்னாங்க, தானா இடிச்சிக்கிச்சா?"

"நான்தான் இடிக்க வெச்சேன் ண்ணா."

"அப்ப கார் மேல தப்பு இல்ல. நான் அப்பவே சொன்னேன் இவருகிட்ட, நம்மாளுதான் எதனா பண்ணியிருக்கும்னு." சிரித்துக்கொண்டே ஏசியைக் குறைத்தார். "குளிருல இருந்து வந்திருக்கீங்க, ஜாஸ்தி வெச்சா பேஜாரு."

மலர் முன் இருக்கையில், இடது பக்கம் உட்கார்ந்தாள். ஸ்வீடனில் ஓட்டுநர் உட்காரும் பக்கம் அது. நான் பின்னால் நடுவில் உட்கார்ந்தேன். ராணிப்பேட்டை தாண்டும் வரை நவாஸ் பேசிக்கொண்டே வந்தார். எதிர்த்திசையில் வந்த பைக்குகள், நடுத்தடுப்பு இடைவெளியில் தலையை நீட்டிய ஆட்டோ, எல்லாவற்றுக்கும் அவர் கால் தானாக எழுந்து தானாக இறங்கியது. வேலூரில் டீ குடித்தோம். பள்ளிகொண்டா சுங்கச் சாவடி தாண்டியதும் வலதுபுறம் மலை தெரிந்தது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றில் தோல் ஆலைகளின் வாசனை லேசாகத் தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும் இடம் அது, எங்களுக்கு வீடு நெருங்கிவிட்டது என்று பொருள்.

அகரம்சேரிக்குப் பக்கத்தில் தூரத்திலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன். வேப்பந்தழை. ஒடித்து வெகுநேரம் ஆகியிருக்காது, இலை இன்னும் வாடவில்லை.

மலரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வலது காலைப் பார்த்தேன்.

நவாஸ் பேச்சை நிறுத்தவில்லை. அவர் மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காத கதை. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது, பிரேக்கைத் தொட்டது, கை இண்டிகேட்டரைப் போட்டது, வண்டி பக்கத்துத் தடத்துக்கு நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து சாய்ந்து நின்றது. அடியில் ஓட்டுநரின் கால்கள் மட்டும் தெரிந்தன. நாங்கள் அதைத் தாண்டிப் போனோம். தழை உண்மையைச் சொல்லியிருந்தது.

மலரின் கால் ரப்பர் மிதியடி மேல் அப்படியே கிடந்தது.

மாதனூர் வந்தது. பிறகு திரும்பாமலே, "ப்பா" என்றாள்.

"ம்."

"என் காலதான பாத்துக்கினு இருந்த?"

"ஆமா."

"நகந்துச்சா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் அதை நம்பியும் இருப்பாள். நம்பினால் எலும்பு கூடியதும் ஸ்கூட்டரை எடுப்பாள்.

"இல்லம்மா" என்றேன்.

"கால்ல இன்னா சார், அங்கயும் அடியா?" என்றார் நவாஸ்.

"ஒண்ணும் இல்ல ண்ணா" என்றாள் மலர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்பூருக்குள் நுழையும்போது ஷூ கம்பெனி விட்டிருந்தது. பெண்கள் கூட்டமாக வலது கையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். நவாஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார். மலர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சாந்தி பிரியாணி செய்து வைத்திருந்தாள். மலர் வருகிறாள் என்று ஸ்கூட்டரைச் சர்வீஸ் விட்டு, துடைத்து, வாசலில் நிறுத்தியிருந்தாள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் மலர் உள்ளே போய் ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். வந்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும்ப்பா."

"ஏண்டி, கை சரியானதும் நீதானே ஓட்டப்போற, அதுக்குள்ள இன்னா?" என்றாள் சாந்தி. மலர் கை கழுவப் போய்விட்டாள்.

சாந்தி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.